விளிம்போடு ஒரு நாள் நடை

மலைக்குச் செல்வோர் முதலில் ஏறுகின்றனர், களைத்தபின் இறங்குகின்றனர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கிலோ இம்முறை தலைகீழாகிறது. கீழ்நோக்கிய பாதை கால்களை எளிதாக ஈர்த்துச் செல்லும். வெயில் உச்சிக்கு வந்து, தண்ணீரும் தீர்ந்த வேளையில்தான் ஏற்றம் தொடங்கும். ஆதலின், பிள்ளைகளைக் காண அந்நாட்டிற்குச் செல்லும் பெற்றோர், பேரக்குழந்தைகளோடு ஒரு நாளை அங்குக் கழிக்க விரும்பினால், தென்விளிம்பை ஒட்டிய பாதையைத் தேர்ந்துகொள்வதே நலம் என்போம்.

கொலராடோ ஆறு குடைந்த இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். ஆயினும் விளிம்பில் நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் அண்மையில் இருப்பதாகவே தோன்றும். 1540ஆம் ஆண்டு, ஹோப்பி மக்கள் வழிகாட்ட, கார்தெனாஸ் என்பவர் தலைமையில் ஸ்பானிய வீரர்கள் இங்கு வந்தனர். கீழே தெரிந்த ஆறு ஓர் ஆள் உயர அகலமே இருக்கும் என்று அவர்கள் எண்ணினர். மூவர் இறங்கிப் பார்த்தனர். மூன்றில் ஒரு பங்குக்குமேல் செல்ல இயலாது மாலையில் திரும்பினர். மேலிருந்து ஆளளவாகத் தெரிந்த பாறைகள், செவில் நகரப் பேராலயத்தின் கோபுரத்தினும் உயரமானவை என்று வியந்து உரைத்தனராம்! "இதோ தெரிகிறதே, சற்று இறங்கி வருகிறோம்" என்று வீட்டு இளைஞர்கள் புறப்படும்போது இச்செய்தியை அவர்களுக்குச் சொல்லலாம். இறங்கிய நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும். ஆறுவரை சென்று ஒரே நாளில் திரும்ப முயலவேண்டாம் எனப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

விளிம்புப் பாதையின் முழு நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அத்தனையும் நடந்தே தீரவேண்டும் என்ற நேர்ச்சை யாருக்கும் இல்லை. காலையில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து ஊர்ப்பகுதி நோக்கி நடப்போம். இரண்டு கிலோமீட்டர் அளவே. சக்கர நாற்காலியும் செல்லும் சமதளப் பாதை. இங்கு ஒவ்வொரு மீட்டரும் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது; அதற்கான வெண்கலக் குறிகள் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. மனித இனத்தின் வாழ்நாள் முழுவதும் முதல் ஓரடிக்குள் அடங்கிவிடும். ஸ்பானியர் வந்தது அரை மில்லிமீட்டருக்கு முன்புதான்! டைனோசர்கள் அழிந்த காலம் 66ஆம் மீட்டரில் வரும். நம் காலடியிலுள்ள மேற்பாறையின் வயதையோ 270ஆம் மீட்டரில்தான் எட்டுகிறோம். பள்ளத்தின் அடியிலுள்ள தொன்மையான பாறைக்கு 1,840 மீட்டர் நடக்கவேண்டும். பள்ளிச் சிறுவருக்கு இதனினும் தெளிவான நிலவியல் பாடத்தை நாமறியோம்.

நண்பகல் உணவுக்குப்பின், கால்கள் இசைந்தால், மேற்கே ஹெர்மிட் சாலைக்குச் செல்லலாம். மார்ச் முதல் நவம்பர் வரை அதில் தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. கட்டணமற்ற பேருந்து உண்டு. பீமா முனையில் இறங்கினால் சாலையின் இறுதிவரை 1.8 கிலோமீட்டர் நடையே. ஊர்ப்பகுதியை விட்டபின் சாலையின் முடிவுவரை குடிநீர் கிடையாதாகையால், புறப்படும்போதே குடுவைகளை நிரப்பிக்கொள்க. தென்விளிம்பு கடல்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதயநோய் உள்ளவர்கள் மெல்ல நடப்பது நன்று. கோடைப் பிற்பகலில் இடி முழங்கினால் விளிம்பைவிட்டு உடனே அகலவேண்டும். குளிர்காலத்தில் பாதையில் பனி உறைந்து வழுக்கும். பாதையின் பெரும்பகுதிக்குக் கம்பிவேலி இல்லை. சிறுவரின் கையை விடலாகாது. அணிலுக்குத் தீனி கொடுக்கவும் கூடாது. அது தடைசெய்யப்பட்டது, மேலும் அந்த அணில்கள் கடிக்கும்.

சாலையின் முடிவிலுள்ள கட்டடத்திற்குத் 'துறவியின் ஓய்விடம்' என்று பொருள்படும் பெயர். ஆசிரமம் என்று எண்ணிவிடவேண்டாம். லூயி பூஷே என்னும் கனிமம் தேடி வாழ்ந்த தனியரைத்தான் அக்கம்பக்கத்தார் அவ்வாறு அழைத்தனர். மேரி கோல்ட்டர் என்னும் கட்டடக்கலைஞர் 1914இல் அதனைக் கரடுமுரடான கற்களால் அமைத்தார். வாயில் வளைவில் பழைய மிஷன் மணி ஒன்று தொங்குகிறது. உள்ளே பெரிய கணப்பு அடுப்பு. குடுவையை மீண்டும் நிரப்பிக்கொண்டு, கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டறிந்து, அதன் முன் சிறிது நேரம் அமர்ந்திருக்கலாம்.