விஎல்சி தளத்தைத் தடுத்த கதை

எந்த வீடியோ திறக்க மறுத்தாலும் "விஎல்சி போட்டுப் பாருங்க" என்பதுதான் நம்மூர் வைத்தியம். 1996-ல் பாரிஸ் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த வீடியோ பிளேயர் அது. 2001 முதல் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதன் வலைத்தளம் 2022 பிப்ரவரி வாக்கில் இந்தியாவில் முடங்கியது. தடையாணையின் நகலைக் கேட்டு, விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு, நவம்பரில்தான் தடை நீங்கியது.

சீன ஹேக்கர்கள் விஎல்சியைப் பயன்படுத்தினார்களாமே, தடுத்தது சரிதானே என்று கேட்கலாம். அங்கே நடந்தது வேறு: அசல் பிளேயருக்குப் பக்கத்தில் ஒரு கள்ள டிஎல்எல் (நிரல் துணைக்கு ஏற்றிக்கொள்ளும்) கோப்பை வைத்து, பிளேயர் மூலமே அதை இயங்க வைத்தார்கள். அதற்கு அவர்கள் முன்பே கணினிக்குள் நுழைந்திருக்க வேண்டும். தளத்தை மூடினால் இது நிற்குமா? அசல் கிடைக்காதவர் தேடலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்தில் இறக்குவார். வைரஸ் வர அதைவிட நல்ல வழி வேறில்லை. திறந்த மூலநிரலை எந்தத் தடையும் ஒன்றும் செய்யாது என்று நம் ஆட்கள் மார்தட்டுவதும் பாதி உண்மைதான். கிட்ஹப்பும் லினக்ஸ் களஞ்சியமும் விவரம் தெரிந்தவர்களுக்கு. கல்யாண வீடியோ பார்க்க நினைப்பவருக்கு விஎல்சியின் அந்த ஒரு தளம்தான் வாசல். தளம் இப்போது திறந்திருக்கிறது. விஎல்சி வேண்டுமென்றால் வீடியோலேன் டாட் ஆர்க்கிலேயே இறக்குங்கள்.