மாமியின் ஆர்க்கிட் தொட்டிகள்

குன்னூரில் எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் கண்ணாடி அடைத்த தாழ்வாரம் ஒன்று உண்டு. அங்கே பதினொரு தொட்டிகளில் சிம்பிடியம் ஆர்க்கிட் செடிகள் இருக்கின்றன. அவற்றை வளர்த்தவர் காலஞ்சென்ற என் மாமனார். இரவுக் குளிர் போதாமல் சமவெளியில் பூக்க மறுக்கும் இச்செடி, நம் மலையில் பனி விலகும் தறுவாயில் வாரக்கணக்கில் வாடாத மலர்க்கொத்தைத் தரும். மாமனார் மறைந்தபின் மாமிக்கு அச்செடிகளே பேச்சுத்துணை. பார்வை மங்கிவிட்டது, ஆயினும் காலை தோறும் விரலால் இலைகளைத் தடவி அவற்றின் நலம் அறிவார்.

அச்செடிகளுக்குக் கேடு என் கையாலேயே வந்தது. சென்ற ஆண்டு மே மாதம் உதகை மலர்க்காட்சிக்குப் போய்த் திரும்பும் வழியில், ஒரு நாற்றுப் பண்ணையில் ஆர்க்கிட் ஒன்றை வாங்கினேன். மாமி மகிழ்வாரே என்ற ஆசை. இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வந்ததும் பழைய தொட்டிகளின் நடுவே அதை வைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையின்போது புதிய பூந்தண்டுகள் தலைகாட்டின. "மகளே, இலை பிசுபிசுக்கிறதே!" என்றார் மாமி ஒருநாள். ஆர்க்கிட்டின் பூந்தண்டில் இயற்கையாகவே தேன்துளி கசிவதுண்டு. அதுதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தண்டில் துளியாய் நிற்பது செடியின் தேன். இலைமேல் பரவிப் பிசுபிசுப்பதோ சாறு உறிஞ்சும் பூச்சியின் கழிவு. இந்த வேறுபாட்டை அன்று நான் அறியேன். பத்து நாட்களில் எறும்புகள் சாரை சாரையாக ஏறின. இலைகளில் அடுப்புக்கரி பூசினாற்போல் கரும்பூஞ்சை படர்ந்தது. அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

இலைக் கக்கங்களில் வெண்பஞ்சுத் துணுக்குகள்: அவை மாவுப்பூச்சிகள். குமிழ்களை மூடியிருந்த காய்ந்த சருகுறைகளை உரித்தால் உள்ளே பழுப்பு நிறச் சிறு செதில்கள். கறை என்று எண்ணி நகத்தால் சுரண்டினேன், கழன்று வந்தது. கறையாயின் கழலாது. செதில் பூச்சி வளர்ந்தபின் பெரும்பாலும் ஓரிடத்திலேயே ஒட்டி வாழ்வதால், அதைப் பூச்சியென்றே பலர் உணர்வதில்லை. அதன் குஞ்சுகளோ தூசிபோல் நுண்ணியவை; ஒன்றையொன்று தொடும் இலைகளின் வழியே அடுத்த தொட்டிக்கு ஊர்ந்துவிடும். பதினொரு தொட்டிகளில் ஏழு பீடிக்கப்பட்டிருந்தன.

செடியோடு பூச்சி ஊர் மாறுவது இம்மலைக்குப் புதிதன்று. 1928இல் நீலகிரியின் சீகை மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி காணப்பட்டது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி, வெளியிலிருந்து வந்த செடிகளோடு நுழைந்திருக்க வேண்டும் என்றே கருதினர். அதைத் தின்னும் பொறிவண்டை வரவழைத்துத்தான் அடக்கினர். இதைப் படித்தபோது என் குற்றவுணர்வு சற்றே குறைந்தது என்று சொன்னால் சகோதரிகள் நகைக்கக்கூடும்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்து நண்பரிடமிருந்து மீந்த பூச்சிமருந்துப் புட்டி ஒன்றை வாங்கிவந்தார். மாமிக்கு மூச்சிரைப்பு உண்டு. பேத்தி தவழ்வதும் அதே தாழ்வாரத்தில்தான். "காட்டுக்கு அடிக்கும் விஷத்தை வீட்டுக்குள் அடிப்பதா? செடி போனால் போகட்டும்" என்றார் மாமி. கணவர் நினைவாக மிஞ்சிய செடிகளைப் பற்றி அவர் அவ்வாறு கூறியது என்னை உலுக்கிவிட்டது. புட்டி திரும்பிப் போயிற்று.

பிறகு நடந்தது கைவேலை. பீடித்த தொட்டிகளைப் பிரித்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனோம். காய்ந்த உறைகளை உரித்து எரித்தோம். ஊசி போடுமுன் தடவும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்தேன். வெயில் படாத வேளையில், அடுப்புக்கு எட்டத்தில், சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்பிரிட் வாடையைக் கண்டு மாமி முகம் சுளித்தார். "செடிக்கு மருந்து என்றால் சரி, தொழுகைக்கு முன் கையை நன்றாகக் கழுவிக்கொள்" என்றார். இரண்டு நாள் கழித்து வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, நீரோடு கலப்பதற்குச் சில சொட்டுச் சோப்புக் கரைசல். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்த்து, அது கருகவில்லை என்று கண்டபின் மாலையில் எல்லாவற்றிற்கும் தெளித்தேன்.

ஒரு முறையோடு ஓய்ந்தேன்; அங்கேதான் தவறினேன். தாய்ச் செதிலின் கீழுள்ள முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. மூன்று வாரத்தில் மீண்டும் பூச்சி. அதன்பின் ஏழு நாளுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்து ஐந்து முறை செய்தேன். இரு தொட்டிகளில் வேரிலும் மாவுப்பூச்சி இருந்தது. பழைய மரப்பட்டைத் துண்டுகளைக் கொட்டி, வேரைக் கழுவி, புதியவற்றில் நட்டேன். நச்சுயிரி நோய் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதிருக்க, ஒவ்வொரு செடியையும் வெட்டுமுன் கத்தியைத் தீயில் காட்ட வேண்டும்.

இடையில் ஒரு பிழையும் செய்தேன். தாழ்வாரத்தை ஒட்டிய கொய்யா மரத்தில் மாவுப்பூச்சிபோல் வெள்ளையாய், ஆனால் அதைவிடப் பெரிதாய், விரைந்து ஓடிய ஒன்றை நசுக்கினேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு என்று பின்னர் அறிந்தேன். காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. வெள்ளையாய் இருப்பவை எல்லாம் பகையல்ல; ஓடினால் விட்டுவிடுகிறேன்.

தை மாத வறட்சியில் ஓர் இலை வெள்ளி பூசியதுபோல் மங்கியது. மாமி வெள்ளைத் துணியால் அடிப்புறத்தைத் துடைக்கச் சொன்னார். துணியில் செந்நிறக் கீற்று. "இது சிவப்புச் சிலந்தி. தேயிலையையே தின்கிறதே!" என்றார். எட்டுக்கால் உள்ள அது பூச்சி இனமன்று, சிலந்தி இனத்தை ஒட்டிய உண்ணி வகை. இலையடியை நீரால் பீய்ச்சிக் கழுவி வந்ததில் அடங்கியது.

இரண்டு செடிகள் பிழைக்கவில்லை. நான் வாங்கிவந்ததும் அவற்றுள் ஒன்று. மாசியில் நான்கு தொட்டிகளில் பூ வந்தது. மலர்களைத் தொட்டு மகிழ்வார் என்று மாமியின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவர் பூவைத் தொடவில்லை. இலையின் அடியில் விரலை மெல்ல ஓட்டி, தண்டோரம் நிறுத்தி, "பஞ்சு எடுத்து வா மகளே, இங்கே ஒன்று இருக்கிறது" என்றார்.