பிடித்த குரலும் பிடிக்காத குரலும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. முதல் வாரம், ‘சங்க இலக்கியத்தில் பாலை’ என்ற தலைப்பில் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். இரண்டாம் வாரம், அதற்குப் பாலைத் திணைப் பாடல்களைப் படித்தாக வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. மூன்றாம் வாரம், எனக்கு உண்மையாகவே தெரிந்த பொருளைப் பற்றி எழுதுவதுதான் நேர்மை என்ற முடிவுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த பொருள் ‘ஸ்டார் வார்ஸ்’. புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

ஸ்டார் வார்ஸ் என்பது ஜார்ஜ் லூகாஸ் என்னும் அமெரிக்கர் 1977-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த விண்வெளிக் கதை. 2019 வரையில் அதன் முதன்மை வரிசையில் ஒன்பது படங்கள் வந்தன. நம் ஊர் மாயாஜாலப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் பெரும் புதுமை ஒன்றும் இராது. கொடிய அரசன், மகனுக்குத் தெரியாத தந்தை, காட்டில் ஒதுங்கி வாழும் குரு, ஒளி வீசும் வாள் எல்லாம் உண்டு. குதிரைக்குப் பதிலாக விண்கலம், அவ்வளவே.

பன்னிரண்டு வயதில் திருச்சியில் என் பெரியம்மா மகன் அண்ணனுடைய மடிக்கணினியில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஆங்கிலம் பாதிதான் விளங்கிற்று. சொல் விளங்காதவனுக்குக் குரல்தானே துணை? இன்னார் நல்லவர், இன்னார் வஞ்சகர், இப்போது ஆபத்து, இப்போது வேடிக்கை என்பதையெல்லாம் குரலைக் கொண்டே கண்டுகொண்டேன். கதை தெரிவதற்கு முன்பே எனக்குக் குரல்கள் தெரிந்துவிட்டன. எது பிடித்த குரல், எது பிடிக்காத குரல் என்று அன்றே ஒரு பட்டியலும் போட்டுவிட்டேன். அந்தப் பட்டியலை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் என் திட்டம். எழுத உட்கார்ந்தபோதுதான் வேறொன்று குறுக்கே வந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலிடம் டார்த் வேடருக்கு. இதில் யாருக்கும் ஐயம் இராது. கறுப்புக் கவசம், கறுப்பு முகமூடி, அதனுள்ளிருந்து ஒரு மூச்சு, பிறகு ஒரு குரல். அந்த மூச்சு, ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் நீரில் மூழ்குவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவியைக் கொண்டு பதிவு செய்தது. குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. நாடக மேடையில் முன்னமே பெயர் பெற்றவர் அவர். 1969-இல் டோனி விருதும் பெற்றவர். சில மணி நேரத்தில் பேசிமுடித்த அந்த வேலைக்கு 7,000 டாலர் கிடைத்ததென்றும், அன்று அது நல்ல தொகையாகவே தோன்றியதென்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு படங்கள் வெளிவந்தபோது தம் பெயரைப் போட வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1983-இல் வந்த மூன்றாம் படத்தில்தான் அவர் பெயர் இடம்பெற்றது.

அப்படியானால் கவசத்துக்குள் நின்றவர் யார்? டேவிட் ப்ரௌஸ் என்னும் ஆங்கிலேயர். பளுதூக்கும் வீரர், ஆறரை அடி உயரம். ஒருவர் வாயசைக்க இன்னொருவர் ஒலி தருவது நமக்குப் புதிதன்று. சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் டி.எம். சௌந்தரராஜன் ஒருவரே பாடினார். நாம் இருவரையும் நம்பினோம். ஆனால் ப்ரௌஸின் நிலை வேறு. படப்பிடிப்பில் வேடரின் வசனம் முழுவதையும் முகமூடிக்குள்ளிருந்து பேசியவர் அவரே. அவர் பிரிஸ்டல் நகரத்தவர். இங்கிலாந்தின் அந்த மேற்குப் பகுதிப் பேச்சைக் கேட்டால் மற்ற ஆங்கிலேயருக்குக் குடியானவர் நினைவே வருமாம். உடன் நடித்தவர்கள், ‘டார்த் ஃபார்மர்’, அதாவது உழவர் டார்த், என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். இறுதியில் அவர் குரல் முழுவதையும் நீக்கிவிட்டு ஜோன்ஸின் குரலைச் சேர்த்தார்கள். ப்ரௌஸுக்கு அதில் நெடுநாள் வருத்தம் இருந்தது. அந்தப் பழைய ஒலித்துண்டுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அண்ணனும் நானும் அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாமிடம் யோடாவுக்கு. 1980-இல் வந்த படத்தில் தோன்றும் குள்ளக் குரு. பொம்மையை ஆட்டியவரும் குரல் கொடுத்தவரும் ஃபிராங்க் ஆஸ். கரகரத்த அந்தக் குரல் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த கிழவருடையது என்றால் நம்பலாம். அவர் ஆங்கிலச் சொற்களை முன்பின்னாக மாற்றிப் பேசுவார். செயப்படுபொருளை முதலில் வைப்பார். உலகமே அதை வியந்தது. எனக்கு மட்டும் வியப்புத் தோன்றவில்லை. ஆங்கில வகுப்பில் நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்ததுதான் வேறுபாடு.

மூன்றாமிடம் சி-த்ரீபிஓ என்னும் பொன்னிற இயந்திர மனிதனுக்கு. நடித்தவரும் பேசியவரும் அந்தோனி டேனியல்ஸ். லூகாஸ் முதலில் வேறொரு குரலையே வைக்க எண்ணியிருந்தார்; பலரைச் சோதித்த பிறகு டேனியல்ஸின் குரலுக்கே திரும்பினார். ஒன்பது படங்களிலும் அந்தக் குரல் இருக்கிறது. சதா கவலைப்பட்டுக்கொண்டே கூட வரும் சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரன்றோ? அவரேதான்.

நிற்க. இனிப் பிடிக்காத குரல். கடைசி இடம் ஜார் ஜார் பிங்க்ஸுக்கு. 1999-ஆம் ஆண்டுப் படத்தில் வரும் நீண்ட காதுகள் கொண்ட கோமாளி அவன். உருவம் கணினியில் வரைந்தது. உடலசைவும் குரலும் அகமத் பெஸ்ட் என்னும் இளைஞருடையவை. கீச்சென்ற குரல், உடைந்த குழந்தை மொழி, ஆபத்திலும் மகிழ்ச்சியிலும் ஒரே துள்ளல். மற்றவர்கள் மெதுவாகப் பேசும் காட்சியில்கூட அது காதைக் குத்தும். இது என் கருத்து மட்டுமன்று. படம் வந்த நாளில் உலகெங்கும் அதைத் திட்டித் தீர்த்தார்கள்.

நான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டு, விடுதிப் பொது அறையில் ஓர் இரவு அந்தப் படத்தைப் போட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நான் வகுப்பில் வாய் திறந்து பேசியது மிகக் குறைவு. காரணம் மெஸ்ஸில் தொடங்கியது. சாப்பிட்டாயிற்றா என்று நண்பன் ஒருவனை இந்தியில் கேட்டேன். கேட்டவுடன் மேசை முழுவதும் சிரிப்பு. உணவைக் குறிக்கும் ‘கானா’வில் முதல் எழுத்தை மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தாமல் சொன்னால் அது வேறொரு ‘கானா’. ஒற்றைக்கண்ணன் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. என் நாக்கிலும் இரண்டும் ஒன்றே. அதுதான் என் துன்பம். “இன்றைக்கு எத்தனை ஒற்றைக்கண்ணர்களைத் தின்றாய்?” என்று ஒரு வாரம் கேட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆயினும் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கருத்தரங்கில் பேராசிரியர் வினாக் கேட்டால், விடை தெரிந்தும் குனிந்துகொள்வேன்.

படம் ஓடிய அந்த இரவில் ஜார் ஜாரைப் போலப் பேசிக் காட்டினேன். சிறுவயதுப் பயிற்சி கைகொடுத்தது. அறையே அதிர்ந்தது, தோளில் தட்டினார்கள். இங்கு வந்தபின் என்னை எல்லோரும் கவனித்துக் கேட்டது அன்றுதான். அதுவும் என் குரலை அன்று, இன்னொருவன் குரலை! மறுநாள் காலை மெஸ்ஸில் என் அறைத்தோழன் என்னைப் போலப் பேசிக் காட்டினான். “கானா, கானா” என்ற அந்தக் குரல் கீச்சென்று, துள்ளலாக இருந்தது. ஜார் ஜாரின் குரலில் அவன் என்னைப் பேசவைத்திருந்தான். எல்லோருடனும் நானும் சிரித்தேன். இட்லி மட்டும் இறங்கவில்லை.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. சென்ற ஆண்டு நம் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோமே, நினைவிருக்கிறதா? அதில் நாகர்கோவில் பக்கத்து மாணவன் ஒருவன் வருவான். அந்த வேடம் என்னுடையது. ‘எனக்க’, ‘ஒனக்க’ என்று நீட்டி நீட்டிப் பேசினேன், நல்ல கைதட்டல். நான் யாரைப் பார்த்து அப்படிப் பேசினேன் என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரியும். முதலாண்டுத் தம்பி ஒருவன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு சங்கக் கூட்டம் எதற்கும் அவன் வரவில்லை. தேர்வு நெருக்கடி போலும் என்று நினைத்துக்கொண்டேன். திருச்சித் தமிழே தமிழ் என்னும் செருக்கு என்னிடம் இருந்தது. வேறு காரணம் தேடுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

முன்னே சொன்னேனே, எழுத உட்கார்ந்தபோது ஒன்று குறுக்கே வந்ததென்று, அது இதுதான். ஜார் ஜாரைப் பற்றி இரண்டு சூடான வரிகள் எழுதுவதற்காக, அகமத் பெஸ்ட் என்ன ஆனார் என்று தேடினேன். 1999-இல் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கரீபியத் தீவு மக்களின் பேச்சைக் கேலி செய்கிறார் என்று ஒரு பக்கம் கண்டனம்; படத்தையே கெடுத்துவிட்டார் என்று இன்னொரு பக்கம் வசை. அந்த வசையின் சுமை தாங்காமல் உயிரையே விட்டுவிட நினைத்த நாள் ஒன்று தம் வாழ்வில் இருந்தது என்று 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார். தாம் அன்று நின்ற பாலத்துக்குத் தம் சிறு மகனை அழைத்துச் சென்று எடுத்த படத்தையும் வெளியிட்டார். 2023-இல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில், ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வீரராக, தம் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் திரும்பி வந்தார். ரசிகர்கள் மகிழ்ந்து வரவேற்றார்கள். இடையில் கழிந்தவை இருபத்து நான்கு ஆண்டுகள்.

படித்ததும் எனக்கு மூன்றாம் வரிசைத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு ஜோன்ஸைப் பற்றியும் படித்தேன். உலகத்தையே நடுங்க வைத்த அந்தக் குரலுக்கு உரியவர் சிறுவயதில் திக்குவாயர். மிசிசிப்பியில் பிறந்து, மிச்சிகனில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். கேலிக்கு அஞ்சி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பள்ளியில் பேசாமலே இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் அவர் எழுதிக் கொடுத்த கவிதையைப் பார்த்த டொனால்ட் க்ரௌச் என்னும் ஆசிரியர், “இது உன் கவிதைதான் என்றால் மனப்பாடமாகச் சொல், பார்க்கலாம்” என்ற பொருள்படக் கேட்டார். வகுப்பின்முன் நின்று சொன்னார், திக்கவில்லை. திக்கு அடியோடு போய்விடவும் இல்லை; அதனோடு பழகிக்கொண்டேன் என்றுதான் பிற்காலத்திலும் சொல்லிவந்தார். 2024 செப்டம்பரில், தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். அந்த ஆசிரியர் கேட்டிராவிட்டால் என் பட்டியலின் முதலிடம் வெறுமையாகக் கிடந்திருக்கும்.

மறுநாள் மாலை தம்பியின் விடுதிக்குப் போனேன். தேநீர்க்கடைக்கு அழைத்துச் சென்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“தம்பி, போன பொங்கலுக்கு நான் செய்தது தப்பு. மன்னிச்சுக்கோ.”

அவன் சற்று நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்க பேச்சு இப்பிடித்தான் அண்ணே. இந்திக்காரனுவ சிரிச்சா விட்டுருவேன். நீங்க தமிழ்காரனுவ எல்லாரும் சேந்து சிரிச்சீங்கல்லா, அதான்...” என்றான்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஒற்றைக்கண்ணன் கதையைச் சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தவில்லை. நானே மனம் ஒப்பிக் கொடுத்ததல்லவா?

பட்டியலுக்குத் திரும்புகிறேன். உண்மையைச் சொன்னால், அதில் பெரிய மாற்றம் இல்லை. ஜோன்ஸ் முதலிடத்திலேயே இருக்கிறார். ஜார் ஜாரின் குரல் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை; பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ரசிகனுக்கு உண்டு. ஆனால் ப்ரௌஸின் பழைய ஒலித்துண்டுகளை மறுபடி கேட்டேன். இம்முறை அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. வேடருக்கு அந்தக் குரல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். எனினும் அது பிரிஸ்டலில் பிறந்த ஒருவர், தம் தாய் தந்தையர் பேசியபடி, தம் வேலையை ஒழுங்காகச் செய்த குரல். 2020-இல் மறைந்த அவருக்கு என் பட்டியலின் ஓரத்தில் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்.

வரும் பொங்கல் விழாவில் தம்பி தன் கவிதையைத் தன் ஊர்த் தமிழிலேயே படிக்க இசைந்திருக்கிறான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். விருந்தினராக வரும் வடநாட்டு நண்பர்களுக்கு நான் மேடையில் இந்தியில் வரவேற்புரை சொல்ல வேண்டுமாம். ‘கானா’ வராமல் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பொங்கல் சாப்பிட அழைக்காமல் என்ன வரவேற்பு என்று மறுத்துவிட்டான்.

அனைவரும் வருக. சிரிப்பதானால் முன் வரிசையில் உட்கார்ந்து சிரியுங்கள்.