மண் நகரும் காலம்

நீலகிரியின் மேற்குப் பகுதியில் அவலாஞ்சி என்றோர் இடம் உண்டு. அது பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். பனிமலை இல்லாத நாட்டில் அப்பெயர் எவ்வாறு வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த பெரும் மண்சரிவே அதற்குக் காரணம் என்பர். இமயத்தில் புதுப்பனியின் பாரம் தாங்காமல் பழம்பனி நழுவுகிறது. நீலகிரியில் மழைநீரின் பாரம் தாங்காமல் மண் நழுவுகிறது.

உதகமண்டலத்திலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில் அமைந்துள்ளது கட்டபெட்டு. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். இடையிடையே படுகர்களின் அட்டிகள். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கு முகத்தை நனைக்கும். கிழக்கு முகத்திலுள்ள கட்டபெட்டு, கோத்தகிரி, குன்னூர் போன்ற ஊர்களுக்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே பெருமழைக் காலம். 1978, 1993 ஆகிய ஆண்டுகளின் பெருஞ்சரிவுகள் நவம்பரில் நிகழ்ந்ததும் இதனாலேயே.

2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த மழை அவற்றையும் விஞ்சியது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவாயிற்று. சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் அது பாதிக்கும் மேலாகும். ஓரிடத்தில் அன்று, சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மலை சரிந்தது. சாலைகள் அறுந்தன, மலை இரயில் நின்றது, கேத்தியை அடுத்த அச்சனக்கல் உள்ளிட்ட ஊர்களில் வீடுகள் புதைந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒரே வேளையில் இத்தனை சரிவுகள் நேர்ந்தது ஏன்? நீலகிரியின் பாறை நெடுங்காலமாகச் சிதைந்து, ஆழ்ந்த செம்மண்ணாகவும் களிமண்ணாகவும் மாறியுள்ளது. வடிய வழியின்றி உள்ளே தேங்கும் நீர், மண்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. மண்ணின் எடையையும் கூட்டுகிறது. சாலைக்காகவும் வீட்டுக்காகவும் அடிவாரம் வெட்டப்பட்ட சரிவு, முட்டுக்கொடுத்த கால் இழந்த பந்தலைப் போன்றது. பெருமழை மலையெங்கும் ஒருசேரப் பெய்யும்போது, தளர்ந்திருந்த சரிவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேளையில் எல்லையைக் கடக்கின்றன.

எனினும் மலை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் சரிவதில்லை. தரையில் பிறை வடிவில் வெடிப்புத் தோன்றும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும். நேற்றுவரை எளிதாக மூடிய கதவு இன்று நிலையில் சிக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வீட்டை விட்டு வெளியேறுவதே அறிவுடைமை.

ஆயின், அவ்வாறு வெளியேறுதல் சொல்வதைப் போல் எளிதன்று. நள்ளிரவு, கொட்டும் மழை, தொழுவத்தில் மாடு, உறங்கும் குழந்தைகள், நோயுற்ற முதியவர். தேயிலை பறித்துச் சேர்த்த பணத்தில் எழுந்த வீட்டை ஒரு வெடிப்பை நம்பி விட்டுச் செல்ல எவர் மனம் துணியும்? செங்குத்தான சரிவில் வீடு கட்டியவர்களுள் பலர் அவ்விடத்தை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். சமநிலம் அவர்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே, எச்சரிக்கை விடுப்பதோடு கடமை முடிவதில்லை. வெளியேறுவோர் தங்க அருகிலேயே கூரையும், திரும்பி வரும்வரை உணவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் ஊரார் கூடி வடிகாலைத் தூர்வாருவதும், ஓடையின் வழியை மறித்துக் கட்டாதிருப்பதும், சரிவில் ஆழ வேரூன்றும் மரங்களைக் காப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். மழையை நிறுத்த மனிதரால் இயலாது. பெய்த நீர் மண்ணுக்குள் தேங்காமல் ஓடிச் செல்ல வழிவிடுவது மட்டும் அவர்களால் இயலும்.