தொடுவாய் மண்

சென்ற கோடையில் ஒரு மாலை, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வட்டுவாகல் பாலத்தருகே நின்றிருந்தோம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே மணற்றிட்டு அடைத்துக் கிடந்தது. கோடையில் அலை தள்ளும் மணல் வாயை மூடும். மாரியில் பேராறு முதலியவற்றின் வெள்ளம் அதனை உடைக்கும். அவ்வாயையே தொடுவாய் என்பர்.

அது திறந்தாற்றான் கடலிற் பிறந்த இறாற்குஞ்சு களப்புக்குள் வந்து வளரும். படகுக்கும் அதுவே வழி. வண்டல் படிந்து களப்பு தூர்ந்துவருவதால், அதனை ஆழப்படுத்துமாறு மீனவர் கோருகின்றனர், நியாயமே. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கும் கண்டலுக்கும் காவல் வேண்டுமென்பதும் நியாயமே. இவ்விரு நியாயங்களும் பொருந்துவது எங்ஙனம்?

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் இதனைக் கேட்டோம். "தோண்டத்தான் வேணும், தம்பியவை. ஆனா தோண்டின மண்ணை எங்கை போடப் போறியள்?" என்றார்.

சிக்கலின் வேர் அக்கேள்வியே. அகழ்ந்த சேற்றைக் கரையிற் குவித்தால் கண்டலின் மூச்சுவேர் மூடுண்டு மரம் சாகும். நீரிலேயே விட்டால் கலங்கல் ஒளியை மறைத்துக் கடற்புல்லை அழிக்கும். வாயை அளவு மீறி ஆழப்படுத்தினாலோ உவர் மேலேறி வயலைக் கெடுக்கும்.

கப்பலுக்காகக் கடலை அகழ முனைந்த சேதுசமுத்திரத் திட்டத்தை எண்ணிப் பார்ப்போம். 2005 யூலை 2ஆம் நாள் மதுரையில் அது தொடக்கிவைக்கப்பட்டது. இராமர் பாலம் பற்றிய வாதம் 2007இல் உச்ச நீதிமன்றம்வரை முழங்கிற்று. அம்முழக்கத்தில், 'அள்ளும் மண் எங்கள் மீன்படு நிலத்தில் விழுமோ?' என்ற மீனவரின் அச்சம் அமிழ்ந்துபோயிற்று.

நந்திக்கடற் சேற்றுக்கு வேறொரு கனமும் உண்டு. 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், இந்நீரைக் கடந்தோர் அனைவரும் கரை சேரவில்லை. இதே மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய்க்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அங்கு 2024வரை நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. இந்நிலையில், களப்பின் அடியிற் கிடப்பதை வெறுஞ்சேறென எங்ஙனம் சொல்வோம்?

ஆகவே இயந்திரம் இறங்குமுன் மீனவர், உழவர், காணாமற்போனோரின் உறவினர், அறிவியலாளர் ஆகியோர் ஒருங்கிருந்து முடிவு செய்தல் வேண்டும். அள்ளும் மணல் ஒப்பந்தக்காரரின் சரக்காகிவிடலாகாது. மணல் அரிப்புண்ட கரைக்குத் திரும்பட்டும். உவர்ச்சேறு சோதனைக்குப்பின் கண்டல் நடும் தாழ்கரைக்குச் செல்லட்டும். எலும்பு கிடைப்பின், அது உறவினர் கையைச் சேரட்டும்.