கோணார்க்: மூலவர் நீங்கிய கதிரவன் கோயில்

ஒடிசாவைக் காணச் செல்வோர் பெரும்பாலும் புவனேசுவரம், புரி, கோணார்க் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே சுற்றில் பார்த்துத் திரும்புகின்றனர். புவனேசுவரத்தின் லிங்கராஜர் கோயிலிலும் புரியின் ஜெகந்நாதர் கோயிலிலும் நித்திய வழிபாடு தொடர்கிறது. கோணார்க்கிலோ மூலவர் இல்லை, கருவறை மேல் எழுந்திருந்த கோபுரமும் இல்லை. எனினும் அம்மாநிலத்தின் கலைப்பெருமையை ஒரே இடத்தில் அறிய விரும்புவோர் முதலில் காணவேண்டியது இந்தச் சிதைந்த கோயிலையே.

கோணார்க் சூரியன் கோயிலை 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியவர் கீழைக் கங்கர் மரபைச் சேர்ந்த முதலாம் நரசிம்மதேவர் ஆவார். இம்மரபு தமிழருக்கு அயலானதன்று. இவருடைய முன்னோரும் புரி ஜெகந்நாதர் கோயிலின் இன்றைய கட்டடத்தைத் தொடங்கியவருமான அனந்தவர்மன் சோடகங்கன், ராஜசுந்தரி என்னும் சோழ இளவரசியின் மகன். அவனுடைய பெயரிலேயே தாய்வழியும் தந்தைவழியும் இணைந்து நிற்கின்றன. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் நடத்தியதாகச் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி விரித்துரைக்கும் போரில் எதிர்நின்ற கலிங்க வேந்தனும் இவனே. தாய்வழி உறவும் போர்ப்பகையும் ஒருங்கே கொண்ட அந்த மன்னனின் வழித்தோன்றல் எழுப்பிய கோயில் என்பதால், தமிழ் வாசகர் இதனைச் சற்றுக் கூடுதல் உரிமையோடு நோக்கலாம்.

ஒடிசாவின் கோயில்களில் கருவறை மேல் வளைந்து உயரும் கோபுரத்தை ரேகா தேவுள் என்றும், அதன் முன்னே படிப்படியாகக் குறுகிச் செல்லும் கிடைத்தட்டுக் கூரையுடைய மண்டபத்தை ஜகமோகனம் என்றும் வழங்குவர். கோணார்க்கில் இவ்விரண்டும் சேர்ந்து, 12 இணைகளாக 24 சக்கரங்கள் பூண்டு, ஏழு குதிரைகள் இழுக்கும் ஒரே தேராக வடிக்கப்பட்டன. இத்தேருக்கு முன்னே, கிழக்கில், நாட்டிய மண்டபம் தனியே நிற்கிறது. அடித்தளத்துக்குச் செம்புரைக்கல், சுவர்களுக்குக் கோண்டலைட் என்னும் உருமாறிய பாறை, வாயில் நிலைகளுக்கும் சூரியன் திருமேனிகளுக்கும் பச்சை கலந்த குளோரைட் எனக் கற்களை இடத்துக்கேற்பத் தேர்ந்துள்ளனர். கடற்காற்றில் கோண்டலைட் பொரிந்து முகங்கள் மழுங்கிவிட்டபோதிலும், குளோரைட்டில் செதுக்கிய அணிகலன்களின் மணிகளை இன்றும் தனித்தனியாக எண்ணிவிட முடிகிறது.

2018இல் வெளியான பத்து ரூபாய்த் தாளின் பின்புறம் இக்கோயிலே அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் ஏறத்தாழ மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் அருகில் நின்றால்தான், அதன் எட்டுப் பெரிய ஆரங்களின் நடுவே உள்ள வட்டங்களிலும் குடத்திலும் சிறுசிறு உருவங்கள் நிறைந்திருப்பது தெரியும். ஆரத்தின் நிழலைக் கொண்டு நேரம் சொல்வதை வழிகாட்டிகள் விரும்பிக் காட்டுகின்றனர்; பயணிகளின் கூட்டமும் அங்கேயே திரள்கிறது. அச்சக்கரங்களுக்குக் கீழே, பீடத்தின் அடிவரிசையில், யானைகள் ஓர் ஊர்வலமாகத் தொடர்வதைக் குனிந்து பார்ப்போர் சிலரே. சில யானைகள் மரக்கிளையை ஒடிக்கின்றன, சில குட்டிகளை இடையில் விட்டு நடக்கின்றன, சில மனிதர் விரித்த பொறியில் அகப்படுகின்றன. தெற்குப் புறத்தில், அரசன் முன் வந்த அயல்நாட்டினர் ஓர் ஒட்டகச்சிவிங்கியுடன் நிற்கும் காட்சி, கலிங்கத்தின் கடல்வழித் தொடர்புக்குக் கல்லில் அமைந்த சான்றாகக் கருதப்படுகிறது. ஜகமோகனத்தின் கூரைத்தட்டுகளில் மத்தளமும் தாளமும் கொண்டு நிற்கும் பெண் உருவங்களோ ஆளுயரத்தை விஞ்சியவை. அவ்வளவு உயரத்தில் அமைத்தும் அவற்றின் இதழ்க்கடைச் சிரிப்பைக்கூடச் சிற்பிகள் விட்டுவிடவில்லை.

ரேகா தேவுள் விழுந்ததற்கு, அதன் உச்சியில் இருந்ததாகச் சொல்லப்படும் காந்தக்கல்லை மாலுமிகள் பெயர்த்தமை, படையெடுப்பு, அடித்தளத்தின் தளர்ச்சி எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வழிபாடு நின்று, பராமரிப்பும் நின்ற ஒரு பெருங்கட்டடம் கடலோரத்தில் தன் பாரத்தைத் தானே நெடுங்காலம் தாங்கவியலாது என்பதே இவற்றுள் ஏற்கத்தக்கது. 1837இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்னும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் வந்தபோது கோபுரத்தின் ஒரு மூலை மட்டும் நின்றது; 1848இல் வீசிய சூறைக்காற்றில் அதுவும் சாய்ந்தது. எஞ்சிய ஜகமோகனமும் விழுந்துவிடாதிருக்க, 1903இல் வங்காளத் துணைநிலை ஆளுநர் பூர்டில்லனின் ஆணைப்படி அதன் வாயில்களை அடைத்து உள்ளே மணல் நிரப்பினர். அவசர காலத்தில் அது கட்டடத்தைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவரும் உள்ளே நுழைய முடியாதபடி ஒரு மண்டபத்தை மூடிவைப்பது பாதுகாப்பின் முதற்படியாக இருக்கலாமேயன்றி முடிவாக இருக்கலாகாது. மணலை அகற்றுவதில் இந்தியத் தொல்லியல் துறை அண்மை ஆண்டுகளில் காட்டும் முனைப்பு வரவேற்கத்தக்கது.

கோயில் சிதைந்தபின் அதன் பகுதிகள் பலவாறு பிரிந்தன. கதிரவனின் தேர்ப்பாகனான அருணன் அமர்ந்த ஒற்றைக்கல் தூண் 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் காலத்தில் புரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று ஜெகந்நாதர் கோயிலின் சிங்கவாயில் முன் நிற்கிறது. ஜகமோகனத்தின் கிழக்கு வாயில் மேலிருந்த நவக்கிரகக் கல்லைக் கொல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அனுப்ப எண்ணி, பாரம் குறைய இரண்டாகப் பிளந்தும், சிறிது தொலைவுக்கு மேல் நகர்த்த முடியவில்லை. கோள்கள் தாமரையில் அமர்ந்திருக்க, இராகு அரையுடலோடும் கேது பாம்பு வாலோடும் காணப்படும் அக்கல், வளாகத்தின் அருகிலுள்ள சிறு கொட்டகையில் இன்றளவும் பூசை பெறுகிறது. சனிக்கிழமைகளில் அங்கே அடியவர் கூடுகின்றனர். பெருங்கோயிலில் அற்றுப்போன வழிபாட்டைத் தனித்த ஒரு நிலைக்கல் ஏற்று நடத்துகிறது.

கதிரவனுக்குரிய பெருவிழாவும் கோயிலைவிட்டு நீங்கிக் கடற்கரையில் தங்கிவிட்டது. தை அல்லது மாசி மாதத்தில் வரும் வளர்பிறை ஏழாம் நாளை ஒடிசாவில் மாக சப்தமி என்பர். தமிழகத்தில் எருக்கிலையைத் தலைமேல் வைத்து நீராடும் ரதசப்தமி நாளும் அதுவே. அன்று விடியுமுன், கோயிலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரபாகையில் பெருந்திரளான மக்கள் கூடி, நீராடி, கடலிலிருந்து எழும் கதிரவனைக் கைகூப்பித் தொழுகின்றனர். கண்ணனின் மகன் சாம்பன் தொழுநோய் நீங்கச் சூரியனை வழிபட்ட தலம் இது என்னும் புராணச் செய்தி இவ்விழாவுக்கு அடிப்படை. டிசம்பர் 1 முதல் 5 வரை மாநில அரசு நடத்தும் கோணார்க் விழாவோ முற்றிலும் வேறு இயல்பினது. கோயில் பின்னணியில் அமைந்த திறந்தவெளி அரங்கில் ஒடிசியும் பரதநாட்டியமும் பிற செவ்வியல் ஆடல்களும் நிகழ்கின்றன. சந்திரபாகைக் கடற்கரையில் மணற்சிற்பிகள் தம் திறன் காட்டுகின்றனர். 20ஆம் நூற்றாண்டில் ஒடிசி நடனத்தை மீட்டமைத்தவர்கள் கோயிற் சிற்பங்களின் நிலைகளையும் ஆதாரமாகக் கொண்டனர் என்பதால், இவ்வாடல் இவ்விடத்தில் நிகழ்வது மிகப் பொருத்தமே.

பகலில் சக்கரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு அன்றே புரிக்குத் திரும்பும் பயணி கோணார்க்கின் பாதியைக்கூடக் கண்டவராகார். தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் இயன்றவரை மாக சப்தமியையொட்டிப் பயணத்தை அமைத்து, முதல்நாள் மாலையே அங்குத் தங்கி, விடியலில் சந்திரபாகையையும் அதன்பின் நவக்கிரகக் கொட்டகையையும் கண்டுவிட்டுக் கோயிலுக்குள் செல்வது நலம். அரித்துவரும் அக்கற்களைத் தொடாமலும் அவற்றின்மேல் ஏறாமலும் பார்ப்பது ஒவ்வொருவரின் கடமை.