ஐந்தரை மணி ஒத்திகை

திருவள்ளூரில் வீடு பார்த்து வந்த பிறகு கும்மிடிப்பூண்டி எனக்குத் தொலைவாகிவிட்டது. இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் இங்கிருந்து அங்கே நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் வரை போய் இறங்கி, வடக்கே போகிற வண்டிக்கு மாற வேண்டும். இல்லாவிட்டால் பெரியபாளையம் சுற்றிக்கொண்டு பஸ். அந்த வடக்கு லைனில்தான் என் நாடகம் இருந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு பெயரிலும் ஓர் ஆள் ஏறுவான். பொன்னேரியில் டோலக் ஏறும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எனக்கு வேலை. குழுவில் இருந்தவர்கள் எல்லாருமே கம்பெனி ஆட்கள்: ஃபவுண்டரியில் சிலர், கெமிக்கலில் சிலர். அரசுப் பள்ளி வாத்தியார் ஒருவர் மட்டும் வெளியிலிருந்து வந்தவர். நாடகத்தை எழுதிக் கோப்பவர் அவர்தான். நாடகத்தில் வருமானம் என்ற பேச்சே கிடையாது. சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம், போனஸ் வந்தால் கூடக் கொஞ்சம். ஆடி முடித்ததும் துண்டு ஏந்துவோம். விழுகிற சில்லறை டீக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும்.

ஒத்திகை மாலை ஐந்தரைக்கு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கே விட்டிருக்கும். ஜெனரல் ஷிப்ட் ஐந்துக்கு விடும். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்குள் கேட்டில் இருந்தால் போதும். செகண்ட் ஷிப்டில் மாட்டியவர் மட்டும் அந்த வாரம் வர முடியாது. அவர் வேஷத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வார். வாராவாரம் ஷிப்ட் மாறியதால் வாராவாரம் வேஷமும் மாறியது. எல்லாருக்கும் எல்லா வசனமும் பாடம். போன வாரம் முதலாளியாக நின்று அதட்டியவர் இந்த வாரம் அடிபட்ட தொழிலாளியாகத் தரையில் விழுவார். எதிரே நிற்பவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் மூச்சு இழுக்கும்போதே தெரிந்துவிடும். அந்த மாதிரி ஒட்டிப்போன கூட்டு நடிப்பை நான் பிறகு பார்த்த எந்த மேடையிலும் காணவில்லை.

மில்லுக்குள் பேச்சு எடுபடாது. பழுக்கக் காய்ந்த கம்பி ஒரு ஸ்டாண்டிலிருந்து பாய்ந்து வரும். இடுக்கியோடு நிற்பவர் அதன் தலையைக் கவ்வித் திருப்பி அடுத்த ஸ்டாண்டுக்குள் விட வேண்டும். கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதனால் அங்கே எல்லாமே கைச்சாடை. நிறுத்து, விடு, பின்னால் ஆள் வருது, தண்ணி கொண்டா, எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு. வாத்தியார் ஒருநாள் எங்களை மில்லை அப்படியே ஓட்டிக் காட்டச் சொன்னார். ஏழெட்டுப் பேர் வாய் திறக்காமல் ஓட்டினோம். டோலக் மட்டும் வேகம் கூட்டிக்கொண்டே போனது. ஓர் இடத்தில் ஒருவர் காட்டிய சாடைக்கு எதிரிலிருந்து பதில் சாடை வரவில்லை. டோலக் நின்றது. விபத்தைச் சொல்ல எங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பிறகு கம்பெனி கேட்டுகளில் அதை ஆடும்போது, கூட்டத்தில் நிற்கிறவர்கள் சிலர் தங்களை அறியாமல் கையைத் தூக்கி ‘நிறுத்து’ என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கை உயர்வதை நாங்கள் ஆடிக்கொண்டே பார்ப்போம். அதற்குப் பிறகு ஒரு கைதட்டலுக்கும் நான் மயங்கியதில்லை.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில்தான் கேட்டில் கூட்டம் இருக்கும். உள்ளே போகிறவன் பஞ்ச் அடிக்க வேண்டும், வெளியே வருகிறவன் வண்டி பிடிக்க வேண்டும். நாடகம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் இலக்கணத்தை வகுத்தது அந்த இருபது நிமிடம்தான்.

இந்த வீதி நாடக வடிவம் நாங்களாகக் கண்டுபிடித்ததில்லை. கல்கத்தாவில் நகரமைப்பு வேலை பார்த்த பாதல் சர்க்கார், மேடையும் விளக்கும் டிக்கெட்டும் இல்லாமல் உடம்பையும் குரலையும் நம்பியே நாடகம் போடலாம் என்று காட்டியவர். அவர் 1980ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் வந்து ஒரு பட்டறை நடத்தினார். அதன் சூடு தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குப் பரவியது. 1984ல் பிரளயன் முதலானவர்கள் சென்னை கலைக்குழுவைத் தொடங்கினார்கள். வீதி நாடகம் என்றால் தமிழில் முதலில் வாயில் வருகிற பெயர்களில் ஒன்றாக அது இன்றைக்கும் இருக்கிறது. எங்களைப் போன்ற பெயர் வெளியே தெரியாத குழுக்கள் அந்த வெளிச்சத்தில் நடந்தவை.

எங்களை உலுக்கியது 1989 ஜனவரி 1. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத் தொழிற்பேட்டைப் பகுதியில், ஜண்டாபூரில், தொழிலாளர்கள் நடுவே ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஜன நாட்டிய மஞ்ச் குழுவைத் தாக்கினார்கள். அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். வயது 34. ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். 4ஆம் தேதி சஃப்தரின் மனைவி மொலொயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற அதே நாடகத்தை ஆடி முடித்தார். நாங்களும் ஒரு தொழிற்பேட்டையில் இருந்ததால் அது டெல்லிச் செய்தியாக எங்களுக்குப் படவில்லை. அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும், கூட்டம் எங்கே நின்றிருக்கும், எந்தச் சந்தில் ஓடியிருப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்குக் கண்ணில் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெரியவர் ஒத்திகை பார்க்க வருவார். மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். முகாமில் செக்கிங் இருக்கிற நாளில் வர மாட்டார். முதலில் தள்ளி நின்றுதான் பார்த்தார். டோலக் தாளம் தப்பிய ஒரு மாலையில் தொடையில் தட்டிச் சரி செய்து கொடுத்தார். அதிலிருந்து எங்களில் ஒருவர் ஆகிவிட்டார். ஊரில் வடமோடிக் கூத்து ஆடியவர். அங்கே ஒரு கூத்து எப்படி உருவாகும் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ஒத்திகையை மறந்து உட்கார்ந்திருப்போம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து வேஷம் பிரித்து ஏட்டைக் கையில் கொடுப்பார். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிதல். கிழமைக் கூத்து. அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் அரங்கேற்றம். அது முடிந்ததும் வேஷக்காரர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர்கள் கொடுப்பதை வைத்துச் செலவை ஈடுகட்டுவார்கள். எங்கள் ஆள் ஒருவர் ஓ.டி. கிடைக்கிறது என்று ஒத்திகையை விடத் தொடங்கியபோது பெரியவர் கோபப்படவில்லை. “சட்டம் வாங்கினாப் பிறகு விட்டுட்டுப் போக ஏலாது தம்பி” என்று மட்டும் சொன்னார். அவரோடு ஆடியவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், யார் யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஐந்தரை மணிக்கு அவருக்கு ஒரு கூத்துக் களரி கிடைத்தது.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் செகண்ட் ஷிப்ட் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். பத்து மணிக்கு விட்டதும் சைக்கிளை மிதித்தால், கட்டியக்காரன் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அவர் பேச்சில் பாதி தெலுங்கு கலந்து வரும். ஊர் வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த தெருக்கூத்து ஜமா. விடிய விடிய ஆடுவார்கள், வருவதைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள், சீசன் முடிந்தால் கழனி வேலைக்கோ வேறு கூலிக்கோ போவார்கள். அவர்களுக்கும் கைப்பணம் இருந்ததில்லை. ஆனால் அந்த இரவுகளை ஊரே ஒதுக்கிக் கொடுத்தது. படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி ஊர் முழுக்க நிற்கும். அன்றைக்கு யாருக்கும் வேறு வேலை இருக்காது.

சென்னையில் ந. முத்துசாமி வேறு வழி பார்த்தார். தெருக்கூத்தைப் பார்த்து அசந்துபோனவர். 1977ல் கூத்துப்பட்டறை தொடங்கி, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் தன் நடிகர்களைப் பயில வைத்தவர். நடிகனை முழுநேரமாக வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதில் 2018ல் காலமாகும் வரை பிடிவாதமாக நின்றார். கலைராணி, பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே உருவானவர்கள். அதற்கு ஓயாமல் பணம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தால் அவர் வாங்கியது, நடிகர்களுடைய பகலைத்தான். எங்களுக்குப் பகலை வாங்க யாரும் இல்லை. எட்டு மணி நேர வேலை எங்களுக்கு மாலையை விட்டு வைத்தது. ஒரு குழு சேர்ந்து நிற்க வேண்டுமென்றால் பத்துப் பேருக்கு ஒரே நேரம் ஓய்வு வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்தது.

பிறகு மில்லை மூடினார்கள். மற்ற இடங்களில் நிரந்தர ஆட்கள் குறைந்து காண்ட்ராக்ட் வந்தது. காண்ட்ராக்டில் ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டு முதல் இரவு எட்டு. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் இருந்தது. இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923ல் கொண்டாடினார். சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அந்த நாட்களில் பேப்பரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வெட்டவெளிதான். இரவு எட்டுக்கு விட்டு, ரூமுக்குப் போய்ச் சோறு பொங்கித் தின்று படுக்கிறவனை எந்த வாத்தியார் ஒத்திகைக்குக் கூப்பிடுவார்?

எங்கள் குழு சண்டை போட்டுப் பிரியவில்லை. கடைசி நாடகம் என்று ஒன்றும் இல்லை. ஒரு மாதம் ஏழு பேர், அடுத்த மாதம் ஐந்து பேர், பிறகு டோலக் வரவில்லை. வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. பெரியவர் முகாமில் இல்லை என்றார்கள்.

இங்கே காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பையன்கள் சிலருக்கு நாடக ஆசை இருக்கிறது. யாரோ சொல்லி என்னிடம் வந்தார்கள். ஹால் எங்கே கிடைக்கும், லைட்டுக்கு எவ்வளவு ஆகும், ஃபண்டுக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு ஆளுக்கு ஆள் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுத வைத்தேன். எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் வந்தது ஞாயிறு மாலை மட்டும். பக்கத்து ரூமில் இருக்கும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் டோலக் நன்றாக வாசிக்கிறார். தமிழ் அவ்வளவாக வராது என்பதால் அந்த மில் காட்சியை எடுத்தோம். சாடைகளைப் பையன்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போன ஞாயிறு ஒடிசாக்காரர்களில் ஒருவரைக் கம்பெனியில் ஓ.டி.க்கு நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்தில் நிற்கச் சொன்னால், அவருடைய பாடம் மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை.